கண்டிக்கு ஒரு கடிதம்

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்டி,

நலமா? முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று உன் மகன் சொன்னான், கேட்டதும் மனசு லேசாயிற்று. நான் ஊர் திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. நீ இரண்டு முறை கூப்பிட்டாய், இரண்டு முறையும் "அப்புறம் பேசுறேன்டா" என்று வைத்துவிட்டேன். கோபப்படாதே. போனில் ஆரம்பித்தால் பாதியில் குரல் உடைந்துவிடும் என்று தோன்றியது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

நான் சிலோனுக்குப் போய்வந்தேன். இலங்கை என்று எழுதக் கை வரவில்லை, நம் தெருவில் உன் அம்மா சொல்லிச் சொல்லி என் காதில் ஏறிய பேர் அதுதான். உன்னிடம் சொல்லாமல் போனேன். நீ இருந்த தேயிலைத் தோட்டத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று எனக்கே தெரியாதபோது, உனக்கு ஆசை காட்டிவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்க மனசில்லை.

ஏழு நாள் சுற்றுலா, சென்னையிலிருந்து 22 பேர். பழைய தலைநகரங்கள், சிகிரியா, கண்டி, அப்புறம் மலை. விமானம் ஏறி ஒன்றேகால் மணி நேரத்தில் கட்டுநாயக்கவில் இறங்கிவிட்டோம், திருவொற்றியூரிலிருந்து தாம்பரம் போகவே சில நாள் அதைவிட அதிகம் ஆகும். இறங்கும்போது நீ வந்த வழியைத்தான் நினைத்தேன். தலவாக்கலையில் கோச்சி, அதாவது ரயில், ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மாமாவை நம்பி வண்ணாரப்பேட்டை. எட்டு வயசில் மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். எந்த ஊர் என்று வாத்தியார் கேட்டதற்கு "கண்டிப் பக்கம்" என்றாய், அன்றைக்கு விழுந்த பேர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை கண்டியைப் பார்த்துவிட்டு, அதையும் தாண்டி உன் மலைக்கு எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது என்று தெரிந்தபோது, இத்தனை வருஷம் உன்னை வேறு ஊர்ப் பேரில் கூப்பிட்டிருக்கிறோமே என்று வருத்தமாக இருந்தது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு சிங்களப் பெரியவர். கொழும்பு புறக்கோட்டையில் சின்ன வயசில் கடைவேலை பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டாராம், நன்றாகப் பேசினார். எதையும் மனப்பாடம் ஒப்பிக்காமல், கல்லுக்குப் பக்கத்தில் நின்று நமக்குக் கண்ணில் படாததைக் காட்டுவார். ஏற்பாடு செய்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். மசாலாத் தோட்டத்தில் ஒன்றரை மணி நேரம், ரத்தினக்கல் கடையில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, பொலன்னறுவை அருங்காட்சியகத்துக்கு இருபது நிமிஷம் என்றார்கள். நான் வாய்விட்டுச் சண்டை போட்டேன். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டதால் ஒரு மணி நேரம் கிடைத்தது.

முதலில் அனுராதபுரம். கி.பி. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆயிரத்துச் சொச்சம் வருஷம் தலைநகராக இருந்த ஊர். செருப்பைக் கழற்றிவிட்டு உச்சிவெயிலில் நடக்கவேண்டும், பாதம் வெந்துவிடுகிறது, ஆனால் வெள்ளை உடுத்திக் கையில் தாமரையோடு குடும்பம் குடும்பமாக வருகிறவர்களைப் பார்த்தால் சூடு மறந்துபோகும். ஜேதவனராமய என்ற தூபிக்கு முன்னால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. கட்டியபோது உயரம் 122 மீட்டர், 9 கோடிக்கும் மேல் செங்கல். அந்தக் காலத்து உலகத்தில் எகிப்தின் இரண்டு பிரமிடுகளுக்கு அடுத்த உயரம் இதுதானாம். இப்போது 71 மீட்டர் நிற்கிறது. நாம் சின்ன வயசில் மாடிப்பூங்காவில் ஏறி விளையாடினோமே, அது பழைய மதராஸ் கோட்டைச் சுவரின் மிச்சம் என்று தெரியாமலே அங்கே கோலி ஆடினோம். செங்கல்லும் சுண்ணாம்பும் வெயிலில் காய்ந்து வரும் வாசனை அங்கேயும் அதேதான்.

எல்லாளன் கதையை அந்தப் பெரியவர் சொன்ன விதம் மறக்காது. சோழ நாட்டிலிருந்து போய் 44 வருஷம் அங்கே ஆண்டவன். அரண்மனை வாசலில் மணி கட்டி வைத்திருந்தான், கன்றை இழந்த பசு வந்து மணியை அடித்ததும், தேரை ஏற்றிய தன் மகனையே தண்டித்தான். நம் திருவாரூர்க் கதை, ஐகோர்ட் வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலையாக நிற்கிறதே, அதே கதைதான் பாலி மொழியில் மகாவம்சம் என்ற இலங்கை வரலாற்று நூலிலும் இருக்கிறது. எல்லாளனை யுத்தத்தில் கொன்றவன் சிங்கள அரசன் துட்டகைமுனு. கொன்றவனே அவனுக்குச் சமாதி எழுப்பி, அந்த வழியாகப் போகிறவர்கள் வாத்தியத்தை நிறுத்திவிட்டு நடக்கவேண்டும் என்று கட்டளை போட்டான். இதைச் சொல்லி முடித்துவிட்டு பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. அந்த நாட்டில் நடந்ததெல்லாம் எங்கள் எல்லார் மனசிலும் ஓடியிருக்கும்.

ஆனால் உன்னை நினைத்து நான் நின்றது தூபிக்கு முன்னால் இல்லை, குளத்துக்கு முன்னால். கலாவெவ என்று ஒரு ஏரி, கடல் மாதிரி, 5-ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் என்ற அரசன் கட்டியது. அங்கிருந்து அனுராதபுரத்துக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக 87 கிலோமீட்டர் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். முதல் 17 மைலில் மைலுக்கு 6 அங்குலம்தான் சரிவு! எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் அந்த ஆறு அங்குலத்தை எப்படிப் பிடித்தார்கள்? செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் தன் போக்கில் இறங்கி வருவதை, நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் தீப்பெட்டியை அடுக்கி எனக்கு விளக்கினாயே, அது கண்முன்னால் வந்தது. கரைக்கு உள்பக்கம் சதுரமாக ஒரு கிணறு கட்டியிருக்கிறார்கள், கல் ஒன்றோடொன்று இழைத்த மாதிரி ஒட்டியிருக்கிறது. ஏரியின் அழுத்தத்தோடு வரும் தண்ணீர் அந்தக் கிணற்றில் அடங்கி, வேண்டிய அளவு மட்டும் வெளியே போகும். பிசோகொட்டுவ என்று பேர். நம் ஊர் மதகுக்கு உறவு. நீ இருந்திருந்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கமாட்டாய், உனக்காக எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தத் தாதுசேனனைச் சொந்த மகனே சிறைபிடித்தான். பொக்கிஷம் எங்கே என்று கேட்டதற்கு, கலாவெவக்குக் கூட்டிப் போகச் சொல்லி, இறங்கிக் குளித்து, இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளி, என் செல்வம் இவ்வளவுதான் என்று காட்டினானாம். லாரித் தண்ணீருக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்காமல் காவல் இருந்தவர்கள் நாம். அந்தக் கதை நமக்குத்தான் புரியும்.

அப்பனைக் கொன்ற அந்த மகன் காசியப்பன் போய்க் கட்டியதுதான் சிகிரியா. கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரப் பாறை, 1200 படி, நான் நான்கு இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். நீ இந்த முழங்காலோடு ஏறவேண்டாம், கீழே தோட்டமே போதும். வட்டமான சுண்ணாம்புக்கல்லில் பொடிப்பொடியாகத் துளைபோட்ட நீரூற்றுகள் இருக்கின்றன, மழைக்காலத்தில் இன்றைக்கும் தானாகப் பீய்ச்சுகிறதாம். பாதி உயரத்தில் கண்ணாடிச் சுவர் என்று வழவழப்பாக ஒரு சுவர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பார்க்க வந்தவர்கள், மேலே பாறையில் தீட்டியிருக்கும் பெண்களைப் பற்றி அதில் பாட்டு கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பரணவிதான என்ற அறிஞர் 685 பாட்டைப் படித்துப் பதிப்பித்திருக்கிறார். யாரோ எவரோ, அரசனும் இல்லை, துறவி மட்டும் என்றும் இல்லை, வழிப்போக்கர்கள். அவர்கள் எழுதியதையும் இப்போது கம்பி கட்டிக் காப்பாற்றுகிறார்கள். இதை மனசில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

தம்புள்ளைக் குகைகள் அழகு. கூட்டம் தள்ளிவிட்டதில் சரியாகப் பார்க்கவில்லை.

பொலன்னறுவைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ராஜராஜன் படை 993-இல் அனுராதபுரத்தைப் பிடித்த பிறகு சோழர்கள் தங்கள் ஊராக்கிக்கொண்டது இதை, ஜனநாதமங்கலம் என்று பேர் வைத்தார்கள். அப்போது கட்டிய சின்னச் சிவன் கோயில் இன்னும் நிற்கிறது, வானவன்மாதேவி ஈச்சுரம், ராஜராஜனின் மனைவி பேரில். முழுசும் கல். முன்மண்டபத்துக்குக் கூரை இல்லை, உள்ளே லிங்கம், அதன்மேல் அன்றைக்குக் காலையில் யாரோ வைத்த பூ வாடாமல் இருந்தது. சுவரின் அடியில் தமிழ்க் கல்வெட்டு. கை வைக்கக்கூடாது என்பதால் விரலைக் காற்றில் ஓட்டிக்கொண்டே எழுத்துக் கூட்டினேன். எல்லாம் புரியவில்லை, ஆனால் ஒரு 'க', ஒரு 'ம', ஒரு 'ர' பிடிபட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்ற வழிகாட்டி ஐயா, "உங்கள் எழுத்துதானே, நிதானமாகப் படியுங்கள்" என்றார். 1070-இல் சிங்கள அரசன் விஜயபாகு சோழர்களை விரட்டிய பிறகும் தமிழ் அங்கேயே தங்கிவிட்டது. புத்தர் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் சத்தியம் செய்துகொடுத்த நீளமான கல் ஒன்று அங்கே நிற்கிறது, அதுவும் தமிழில். பௌத்தக் கோயிலுக்குத் தமிழ்ப் படையின் காவல். நான் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்ததே இல்லை.

வாசற்படிக்குக் கீழே அரைவட்டமாகச் சந்திரவட்டக்கல் போடுவார்கள். அனுராதபுரத்தில் அதில் யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் வரிசையாக நடக்கும். பொலன்னறுவையில் எருதைக் காணோம். சைவர்களுக்கு நந்தி, அதைக் காலால் மிதிக்கும்படி வைக்கவேண்டாம் என்று விட்டிருப்பார்கள் என்று சொல்கிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தக் கல்தச்சனைக் கும்பிடலாம் போல இருந்தது. கல்விகாரையில் 46 அடி நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர், அவர் தலைக்கு அடியில் இருக்கும் தலையணை, கல் தலையணை, பாரத்தில் மெத்தென்று அமுங்கியிருக்கிறது. வேறு எதையும் பார்க்காமல் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, கண்டிக்கு வருகிறேன். ஏரியைச் சுற்றி நடந்தேன், புத்தர் பல் இருக்கும் தலதா மாளிகையில் மாலைப் பூசைக்கு நின்றேன். அந்த ஏரியை வெட்டியவன் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். 1815-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832-இல் அங்கேயே இறந்தான். அப்போது நம் துறைமுகம் கிடையாது, கப்பல் தூரத்தில் நிற்க, அலைக்குள் மசூலாப் படகுதான். உன் அக்காவின் வைத்தியத்துக்கு எத்தனை தடவை வேலூர் போனோம், பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் என்று பலகை பார்த்துவிட்டு பஸ்ஸிலேயே தாண்டிப் போனோமே, அதுதான்டா அவன் சமாதி. கண்டியின் கடைசி ராஜா அங்கே படுத்திருக்கிறான், கண்டி என்று பேர் வாங்கிய நீ ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கடந்து போயிருக்கிறாய்.

இனி உன் மலை.

நுவரெலியாவில் ஒரு மதியம் கடைவீதிக்கு என்று விட்டார்கள். எங்கள் வேன் ஓட்டிய பையன் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், முதல் நாளே அவனிடம் உன் கதையைச் சொல்லியிருந்தேன். "வாங்க ஐயா, என் மச்சான் ஓட்டோவுல போயிட்டு வந்துரலாம்" என்று அவனே ஏற்பாடு செய்தான். தோட்டத்தின் பேரும், அதில் மேல்கணக்கு என்ற பிரிவு என்பதும் எனக்கு மனப்பாடம், உங்கள் குடும்ப அட்டையைப் பார்த்து உனக்கு எத்தனை மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போகிற வழியெல்லாம் பச்சை, மலையைச் சீப்பால் வாரின மாதிரி. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று எங்கள் சுற்றுலாவில் சொன்னார்கள், காப்பிச் செடியை நோய் தின்றதும் மலை முழுக்கத் தேயிலை ஆனதைச் சொன்னார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைக் காட்டு வழியே நடந்தே மேலேறிய உன் பூட்டன் கூட்டத்தைப் பற்றி இரண்டு வரிதான் வந்தது. 1948-இல் குடியுரிமை பறிபோனதும், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே என்று ஆட்களைக் கூறுபோட்டதும் வரவே இல்லை. வேனில் நான் எழுந்து நின்று சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், பேர் சொல்லாமல்.

சென் கிளேயர் அருவி இரைச்சலில் தூங்கிப் பழகியதால் இங்கே வந்த முதல் ஆறு மாசம் தூக்கம் வரவில்லை என்பாயே, அந்த அருவியைச் சாலையிலிருந்து பார்த்தேன். மெலிந்துவிட்டது. 2012-இல் மேல் கொத்மலை அணை வந்து தண்ணீரை மின்சாரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நேரில் பார்த்து நீ திடுக்கிடக்கூடாது.

லயம், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடு, அப்படியே இருக்கிறது. ஒரே நீளக் கட்டடம், தகரக் கூரை, வீட்டுக்கு ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற தாழ்வாரம். சில வீடுகளுக்கு முன்னால் சிமெண்டுப் பூச்சு, டிஷ் ஆண்டெனா, மற்றபடி நீ சொன்னதுதான். மாரியம்மன் கோயிலுக்கு வர்ணம் அடித்திருக்கிறார்கள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எழுபது தாண்டிய ஓர் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை யார் என்று விசாரித்தார். உன் அப்பா பேரைச் சொன்னேன். யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை. "எழுபத்திரெண்டுல இந்த லயத்துல இருந்து மட்டும் ஆறு குடும்பம் போச்சுங்க. கோச்சி நகரும்போது ரெண்டு பக்கமும் ஒரே ஒப்பாரி. யார் யாருன்னு மூஞ்சிதான் ஞாபகம்" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து தேங்காய் போட்ட ரொட்டியும் சம்பலும் பால் இல்லாத சாயத் தண்ணியும் கொடுத்தார். ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்ததும் அழுகை வந்துவிட்டது எனக்கு. உன் டிபன் டப்பாவில் இருந்த அதே ரொட்டி, என் நெத்திலிக் கருவாட்டுக்கு நீ மாற்றிக்கொள்வாயே, அதே கனம், அதே கருகல் வாசனை.

சிகிரியாச் சுவரில் போகிற போக்கில் கிறுக்கியவர்களின் எழுத்துக்குக் காவல் போட்டிருக்கிறார்கள். அது நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் நூற்றைம்பது வருஷமாக அந்த மலையைச் சுமக்கிறவர்களின் லயத்துக்கு முன்னால் எந்தச் சுற்றுலா வேனும் நிற்பதில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை. அதற்காக லயத்தை அப்படியே வைத்து வேடிக்கை காட்டவேண்டும் என்று சொல்லவில்லை, அங்கே குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு நல்ல வீடும் சொந்த நிலமும்தான் முதலில் வேண்டும். அவர்கள் கதையையும் மற்ற கதைகளோடு சேர்த்துச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். இறங்கும்போது அந்த வேன் பையனிடம் சொன்னேன், அடுத்த கூட்டத்துக்கு நீயே மைக்கை வாங்கிச் சொல்லு தம்பி என்று. சொல்கிறேன் என்றான்.

கிளம்பும் முன்னால் ஒன்று பார்த்தேன். பீலியில், அதாவது மலைத் தண்ணீர்க் குழாயில், தண்ணீர் விழுகிற இடத்தில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஓர் அம்மி கிடந்தது. நடுவில் நன்றாகத் தேய்ந்து பள்ளமாகி, இடது ஓரத்தில் மூலை உடைந்து, பாசி பிடித்து. போனவர்கள் விட்டுவிட்டுப் போனது, யாருடையது என்று தெரியாது என்றார் அந்த அம்மா. கப்பலில் ஏற்றவிடவில்லை என்று உன் அம்மா கடைசிவரை புலம்பிய அம்மி இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். ஆறு குடும்பம் போயிருக்கிறது, யாருடையதாகவும் இருக்கலாம். நான்கு பக்கமும் படம் எடுத்து உன் மகன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இங்கே சமாச்சாரம் அதிகம் இல்லை. கல்மண்டபம் பக்கத்தில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், தெருவில் நடக்கமுடியவில்லை. பெரியவளுக்கு ஆவணியில் வளைகாப்பு, நீ கட்டாயம் வரவேண்டும்.

அப்புறம் முக்கியமான விஷயம். நாம் இரண்டு பேரும் போகிறோம், சுற்றுலாக் கூட்டம் வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள், கடல் அமைதியாக இருக்கிற மாசமாகப் பார்த்துக் கப்பலிலேயே போகலாம் என்று எனக்கு ஆசை, நீ வந்தது போலவே. உன் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்று உன் மகன் சொன்னான், புதுப்பிக்கச் சொல்லிவிட்டேன். தோட்டத்துத் தேயிலை அரைக் கிலோ கூரியரில் அனுப்பியிருக்கிறேன், பால் ஊற்றாமல் குடி.

அம்மி படத்தை உன் அக்காவிடம் காட்டு. ஊரை விட்டு வரும்போது அவளுக்குப் பதினான்கு வயசு, தினமும் அரைத்தவள். மூலை உடைந்திருந்ததா என்று மட்டும் கேட்டு எழுது.

உன் தோழன்,
தண்டையார்பேட்டைக்காரன்